உப்பும் கொதிப்பும் சர்க்கரையும்

(சென்னீர்குப்பத்தில் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்திய பேச்சு)



மேடை ஏறினால் கூலியைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசுவதுதான் நமது வழக்கம். இன்று இரத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் கூலி, விலைவாசி சம்பந்தப்பட்ட விஷயந்தான் என்பது போகப் போக விளங்கும்.

இரத்தக் கொதிப்பு என்று நாம் சொல்லும் வியாதியும் சர்க்கரை வியாதியும் பணக்காரர் வீட்டு வியாதிகள் என்று ஒரு காலத்தில் பேசிக்கொண்டார்கள். உட்கார்ந்து தின்பவனுக்கு வரும், உழைப்பவனுக்கு வராது என்றார்கள். இந்தப் பேச்சு செத்துப்போய் வெகுநாளாகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த அகில இந்திய ஆய்வின் முடிவு 2023ல் வெளிவந்தது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி. 31 கோடிக்கு மேற்பட்டோருக்கு இரத்தக் கொதிப்பு. தமிழ்நாட்டில் மட்டும், வயது வந்தோரில் 100க்கு 14 பேருக்குச் சர்க்கரை. 31 கோடிப் பணக்காரர்களா இந்த நாட்டில் இருக்கிறார்கள்? ஆவடி, அம்பத்தூர், திருமழிசை என்று நாலா பக்கமும் ஷிப்டு வேலைக்குப் போய் வருகிற நம் தெருக்களிலேயே எண்ணிப் பாருங்கள். வீட்டுக்கு ஒருவர் மாத்திரை விழுங்குகிறார்.

அதிலும் ஒரு விசேஷம் கவனித்திருப்பீர்கள். முதலில் கொதிப்பு என்பார்கள். நாலைந்து வருஷம் கழித்து அதே ஆளுக்குச் சர்க்கரையும் என்பார்கள். அல்லது சர்க்கரை முதலில், கொதிப்பு பிறகு. "நம்ம தலையெழுத்து, ஒண்ணு போனா ஒண்ணு" என்று சொல்லிவிடுகிறோம். இது தலையெழுத்துத்தானா?

1987ல் இத்தாலி தேசத்துப் பைசா நகரத்தைச் சேர்ந்த பெரானினி என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இளம் வயதினர். உடல் பருமன் கிடையாது. சர்க்கரை வியாதியும் கிடையாது. இரத்தக் கொதிப்பு மட்டும் உண்டு. அதற்கும் இன்னும் மருந்து சாப்பிடாதவர்கள். இவர்களுடைய உடம்பில் இன்சுலின் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து பார்த்தார்கள். மற்றவர்கள் உடம்பில் செய்கிற அளவுக்கு அது வேலை செய்யவில்லை! இன்சுலின் சுரக்கிறது. இரத்தத்தில் இருக்கிறது. ஆனால் அதன் சொல்லைச் சதைகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். மறு வருஷம், 1988ல், அமெரிக்காவில் ரீவன் என்பவர் கொதிப்பு, சர்க்கரை, இரத்தக் கொழுப்பு எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டிக் காட்டினார். கயிறு இன்சுலின் எதிர்ப்புத்தான் என்றார். கொதிப்புள்ள எல்லோருக்கும் இந்த எதிர்ப்பு இருப்பதில்லை. ஆனால் கணிசமானவர்களுக்கு இருக்கிறது.

சர்க்கரை ஒரு விஷயம், இரத்தக் குழாயின் அழுத்தம் வேறொரு விஷயம். இரண்டுக்கும் எங்கே முடிச்சு விழுகிறது? இந்த இடத்தில்தான் தாது உப்புகள் வருகின்றன.

நமது உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு உயிரணுவும் சுவர் எழுப்பிய ஒரு சிறு பட்டறை. சுவருக்கு உள்ளே பொட்டாசியமும் மக்னீசியமும் நிறைய இருக்க வேண்டும். சோடியமும் கால்சியமும் வெளியே நிற்க வேண்டும். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 100க்கு 98 பங்கு உயிரணுக்களுக்குள்தான் இருக்கிறது. கால்சியமோ, உள்ளே இருப்பதைப்போல் 10,000 மடங்கு வெளியே இருக்கிறது. இந்த வித்தியாசம் தானாக நிற்பதில்லை. உள்ளே நுழைந்த சோடியத்தை வெளியே இறைத்துக்கொண்டே இருக்க ஒரு இறைப்பு யந்திரம் உண்டு. மூன்று சோடியத்தை வெளியே தள்ளும், இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். 1957ல் டென்மார்க் விஞ்ஞானி ஸ்கோ நண்டின் நரம்பை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு கொடுப்பதற்கு 40 வருஷம், 1997 வரையில் எடுத்துக்கொண்டார்கள்! இந்த யந்திரம் ஓட மக்னீசியம் வேண்டும். மக்னீசியம் குறைந்தால் இறைப்பு தளரும்.

இரத்தக் குழாயின் சுவரிலும் சதை இருக்கிறது. அந்தச் சதையின் உயிரணுக்களுக்குள் கால்சியம் அதிகம் புகுந்தால் சதை சுருங்கும், குழாய் குறுகும், அழுத்தம் ஏறும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயின் நுனியை விரலால் அழுத்திப் பிடித்தால் என்ன ஆகிறது? அதேதான். கால்சியம் அளவு மீறி உள்ளே வராமல் தடுத்து நிற்பது மக்னீசியம்.

இன்சுலினுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இன்சுலின் உயிரணுவின் கதவைத் தட்டுகிறது. தட்டிய சத்தம் கேட்டு உள்ளே வேலை தொடங்கினால்தான் சர்க்கரை உள்ளே போகும். அந்த முதல் வேலையைத் தொடங்கிவைக்கிற நொதிக்கு மக்னீசியம் இல்லாமல் கை ஓடாது. உள்ளே கால்சியம் தேங்கிக் கிடந்தாலும் இன்சுலினின் தட்டல் மழுங்கிப்போகிறது. ஆகக் குழாயின் சதையில் அழுத்தத்தை உண்டாக்குகிற அதே கோளாறு, கை கால் சதையில் சர்க்கரையை வெளியே நிறுத்திவிடுகிறது.

இதை வெறும் ஊகமாக விடாமல் அளந்து பார்த்தவர் நியூயார்க் கார்னெல் மருத்துவமனையைச் சேர்ந்த ரெஸ்னிக். 1984ல் அவரும் ராஜ் குப்தா, லாரா ஆகிய இருவரும் சேர்ந்து, கொதிப்பு உள்ளவர்களின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்காமலே, காந்த சக்தியைக் கொண்டு உள்ளே இருக்கும் மக்னீசியத்தைக் கணக்கிட்டார்கள். கொதிப்பு உள்ளவர்களுக்கு அது குறைவாயிருந்தது. அழுத்தம் எவ்வளவு ஏறியிருந்ததோ அவ்வளவுக்கு மக்னீசியம் இறங்கியிருந்தது. மருந்து சாப்பிட்டு அழுத்தம் தணிந்தவர்களுக்கு நிலைமை மேம்பட்டிருந்தது. பின்னால் வந்த வேலைகளில் சர்க்கரை வியாதி உள்ளவர்களிடமும் இதே சித்திரத்தைப் பார்த்தார்கள். 1993ல் ரெஸ்னிக் இதைத் தொகுத்து, கொதிப்பும் இன்சுலின் எதிர்ப்பும் உயிரணுவின் ஒரே தாதுக் கோளாறின் இரண்டு முகங்கள் என்று எழுதினார்.

கோளாறு ஒரு தடவை தொடங்கினால் வளையம்போல் சுற்றுகிறது. மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் உயிரணுவுக்குள் அனுப்புவதில் இன்சுலினுக்கே பங்கு உண்டு. இன்சுலின் பேச்சு எடுபடாவிட்டால் மக்னீசியம் உள்ளே போவதும் குறைகிறது. எடுபடவில்லை என்று கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இந்த அதிகப்படி இன்சுலின் சிறுநீரகத்திடம் போய், "சோடியத்தை வெளியே விடாதே" என்கிறது. சோடியம் தங்கினால் அழுத்தம் ஏறுகிறது. சர்க்கரை மிஞ்சினால் சிறுநீரோடு மக்னீசியம் கழுவிக்கொண்டு போகிறது. மறுபடியும் முதலிலிருந்து.

விஞ்ஞானிகளிடையே ஒரு தகராறு இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. தாதுக் கோளாறு வியாதிக்குக் காரணமா, வியாதியின் விளைவா என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை. மக்னீசியம் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த 34 பரிசோதனைகளைச் சேர்த்து 2016ல் கணக்குப் போட்டபோது, அழுத்தம் சராசரியாக 2 மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது. 160 உள்ளவருக்கு 158! ஆகவே எவனாவது ஒருவன் வண்ணப் புட்டியைக் காட்டி, "இந்த மக்னீசியத்தைச் சாப்பிட்டால் கொதிப்பும் ஓடும், சர்க்கரையும் ஓடும், இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிடு" என்று சொன்னால், அவன் உங்கள் பையைக் குறி வைக்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். விஞ்ஞானத்தில் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை லாபத்தால் நிரப்புவது வியாபாரிகளின் பழைய தந்திரம். 1921ல் டொரோன்டோ நகரில் இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையைத் தலைக்கு 1 டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்றோ உலக இன்சுலின் சந்தையின் பெரும்பகுதி மூன்று கம்பெனிகளின் கையில்.

நீங்கள் விழுங்குகிற மாத்திரையைப் பார்ப்போம். சர்க்கார் ஆஸ்பத்திரியில் கொதிப்புக்குக் கொடுக்கிற அம்லோடிபின் என்ன செய்கிறது? குழாய்ச் சதையின் கால்சியக் கதவை அடைக்கிறது. நாம் இவ்வளவு நேரம் பேசிய விஷயந்தான் அந்தச் சின்ன மாத்திரைக்குள் இருக்கிறது. 1960களில் ஜெர்மனியில் பிளெக்கன்ஸ்டைன் இந்த வழியைக் கண்டார். இன்னொரு மாத்திரை உண்டு, நாம் "நீர் மாத்திரை" என்போம். நல்ல மருந்து, மலிவானது, உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் சோடியத்தோடு பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்து வெளியேற்றும்; சிலருக்குச் சர்க்கரையைச் சற்று ஏற்றும். அதற்காக நீங்களே நிறுத்திவிடாதீர்கள். "எனக்குப் பொட்டாசியம் பார்த்தீர்களா?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது நமது உரிமை.

இனி சமையலறைக்கு வருவோம்.

உலக சுகாதார ஸ்தாபனம் ஆளுக்குத் தினம் 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது. சென்னை நகரத்து மக்களிடையே நடந்த ஆய்வு ஒன்று 2007ல் வெளிவந்தது, சராசரி 8.5 கிராம் என்று கண்டது. உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போடலாம். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாதத்தில் தீர்ந்தால், தலைக்குத் தினம் 8 கிராமுக்கு மேல் ஆகிறது. கருவாடு, ஊறுகாய், அப்பளம், கடை மிக்சர், கம்பெனி கேன்டீன் சாம்பார் எல்லாம் இதில் சேரவில்லை. 600 கிராம் இருந்தால் அந்த வீட்டுக்குப் போதும்.

பணக்காரன் உப்பைக் குறைத்தால் அவன் தட்டில் கறியும் பழமும் நெய்யும் ருசி கொடுக்க இருக்கின்றன. நம் தட்டில் ஒரு குன்று சோறு, ஒரு கரண்டி குழம்பு. உப்பும் காரமும் இல்லாவிட்டால் அந்தச் சோறு இறங்காது. வீட்டில் சமைக்கிற தாய்மார்களின் தலையில் இந்தப் பழியைப் போடுகிறவர்கள் காய்கறி விலையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அந்தச் சோற்றிலும் நமக்குத் திருட்டு நடக்கிறது. நெல்லின் மக்னீசியம் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டும்போது அது போய்விடுகிறது. தவிடு மாட்டுக்கும் எண்ணெய்க்கும் போகிறது. மீதியைக் கழுவி, கொதிக்கவைத்து, கஞ்சியை வடித்துக் கொட்டிவிடுகிறோம். சென்னையில் நடந்த இன்னொரு ஆய்வு 2009ல், தீட்டிய தானியத்தை அதிகம் உண்பவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு அதிகமிருப்பதைக் காட்டியது. நம் ஊரில் தீட்டிய தானியம் என்றால் பெரும்பாலும் வெள்ளைச் சோறுதான். கேழ்வரகிலும் கம்பிலும் மக்னீசியம் வெள்ளை அரிசியைப்போல் பல மடங்கு. நம் பாட்டன் பாட்டி கூழ் குடித்தபோது அதை ஏழையின் சாப்பாடு என்று ஏளனம் செய்தார்கள். இன்று அதே கேழ்வரகை அட்டைப் பெட்டியில் போட்டு "சிறுதானியம்" என்று நாலு மடங்கு விலை வைக்கிறார்கள்!

1997ல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை. உப்பைக் குறைக்கவேயில்லை. பழம், காய்கறி, கொழுப்பு நீக்கிய பால் ஆகியவற்றைத் தாராளமாகக் கொடுத்தார்கள். பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் மூன்றும் தட்டில் ஏறின. கொதிப்பு உள்ளவர்களுக்கு மேல் அளவு 11 மில்லிமீட்டர் இறங்கியது. இது ஒரு மாத்திரை செய்கிற வேலை. புட்டியிலிருந்த மக்னீசியம் 2 இறக்கியது, முழுச் சாப்பாடு 11 இறக்கியது. நமக்கு இதன் பொருள் முருங்கைக் கீரை, வாழைத்தண்டு, பயறு, சுண்டல், வாழைப்பழம், ஒரு பிடி வேர்க்கடலை. கேன் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. புறநகரில் குடிக்கத் தண்ணீரையும் காசு கொடுத்து வாங்குகிறோம். யந்திரத்தில் வடிகட்டும்போது தண்ணீரிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் பெரும்பகுதி போய்விடுகின்றன. பெரிய அளவில்லை, ஆனால் தட்டில் இல்லாதவனுக்கு டம்ளரிலும் இல்லை என்றாகிறது.

உப்பிலேயே ஒரு வழி இருக்கிறது. சோடியம் உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் உப்பைச் சேர்ப்பது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் இதைச் செய்து பார்த்தார்கள்; முக்கால் பங்கு சாதா உப்பு, கால் பங்கு பொட்டாசியம் உப்பு. 2021ல் முடிவு வந்தது. பக்கவாதம் 100க்கு 14 பங்கு குறைந்தது. 2025 ஜனவரியில் உலக சுகாதார ஸ்தாபனமும் இத்தகைய உப்பைச் சிபாரிசு செய்தது.

இது நம் நாட்டுக்குப் புதிதா? இல்லை. வாலிநோக்கத்தில் உப்பளம் வைத்திருக்கிற தமிழ்நாடு உப்புக் கழகம் மக்களுக்குச் சொந்தமான ஸ்தாபனம். 2014ல் அம்மா உப்பு என்று மூன்று தினுசு விற்பனைக்கு விட்டார்கள். அதில் ஒன்று சோடியம் குறைந்த உப்பு. விலை என்ன தெரியுமா? சாதா உப்பு கிலோ 10 ரூபாய். சோடியம் குறைந்தது 21 ரூபாய். எந்த உப்பை ஏழை வாங்குவான்? விஞ்ஞானம் இருந்தது, உப்பளம் இருந்தது, சர்க்கார் ஸ்தாபனமும் இருந்தது. விலையில்தான் வர்க்கம் தெரிந்தது. இந்த உப்பை ரேஷன் கடையில் சாதா உப்பின் விலைக்கே கொடு என்பது நமது முதல் கோரிக்கை. அரிசியோடு கேழ்வரகும் பயறும் கொடு என்பது அடுத்தது.

உப்பு என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. ராஜஸ்தானத்தில் உப்பு அரைக்கிற ஆலைகளுக்குப் பக்கத்தில் வேலை செய்த தொழிலாளிகளைச் சோதித்து 2005ல் ஓர் ஆய்வு வந்தது. காற்றில் பறக்கிற உப்புத் தூளைச் சுவாசித்தே அவர்களுக்கு அழுத்தம் ஏறியிருந்தது. முகத்தை மூடி வேலை செய்யவைத்தபோது இறங்கியது. நாம் ருசிக்காகத் தின்கிற உப்பை அவர்கள் கூலிக்காகச் சுவாசித்தார்கள்.

வேலை நேரத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. இராத் தூக்கம் குறைந்தால் இன்சுலின் எதிர்ப்பு கூடுகிறது, அழுத்தமும் கூடுகிறது. இது பல பரிசோதனைகளில் நிரூபணமான விஷயம். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று ஷிப்டை மாற்றி மாற்றிப் போட்டு, ஓவர்டைமும் வாங்கிவிட்டு, "உடற்பயிற்சி செய், மன அமைதியோடு இரு" என்று கம்பெனிச் சுவரில் சுவரொட்டி ஒட்டுகிறார்கள்! 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிப்பு வந்தது. நாம் அன்று காப்பாற்றிய அந்த 4 மணி நேரத்துக்குள் எத்தனை பேருடைய இரத்தக் குழாய்கள் இருந்தன என்று எந்தப் பத்திரிகையும் கணக்கெழுதவில்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியது. கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிற காரியம். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் வீடு வீடாக நடக்கிற அந்தச் சகோதரிகளுக்குத் தன்னார்வலர் என்று பெயர் சூட்டி ஊக்கத்தொகை கொடுத்தால் போதாது, சம்பளம் கொடுக்கவேண்டும். காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவனை வீட்டில் தேடினால் எங்கே அகப்படுவான்? தொழிற்பேட்டை வாசலிலும், ஒப்பந்தத் தொழிலாளிகள் நிற்கிற இடத்திலும் பரிசோதனை வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. கார்டு வேண்டும்.

இங்கே சில கேள்விகள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

"பட்டறையில் வேர்வை சிந்துகிறவனுக்கு உப்பு அதிகம் வேண்டாமா?" என்கிறார் ஒரு தோழர். வெக்கைக்குப் பழகிய உடம்பு வேர்வையில் உப்பைச் சிக்கனமாகவே விடும். வேர்வைக்கு முதலில் தேவை தண்ணீர், காற்று, இடைவேளை. மூன்றும் நிர்வாகம் கொடுக்கவேண்டியவை. உலை முன்னால் நாள் முழுதும் நிற்பவரின் நிலை வேறு. அவர் டாக்டரிடம் தன் வேலையைச் சொல்லியே அளவு கேட்கவேண்டும்.

"நான் ஒல்லிதானே, எனக்கு எப்படி வரும்?" பைசா நகரத்தில் சோதித்தவர்களும் பருமனில்லாதவர்களே. நம் நாட்டவருக்கு உடம்பு மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் தன்மை உண்டு. தராசை மட்டும் நம்பவேண்டாம்.

"பொட்டாசியம் உப்பை எல்லோரும் சாப்பிடலாமா?" கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து, இருதயத்தையே நிறுத்திவிடக்கூடும். பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைக்கிற சில கொதிப்பு மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. சர்க்கரை வியாதி நாள்பட்டவர்களில் பலருக்குச் சிறுநீரகம் கெட்டிருப்பது அவர்களுக்கே தெரியாது. அதனால்தான் ரேஷனில் உப்பு கேட்கிற அதே மனுவில், இரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கிற இலவசப் பரிசோதனையையும் எழுதியிருக்கிறோம்.

கடைசியாக ஒரு சகோதரி, "எப்போது போய்ப் பார்க்கவேண்டும்?" என்று கேட்டிருக்கிறார். 30 வயது ஆன எல்லோரும், நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். கொதிப்பு இருப்பதாகச் சொன்னால் அன்றைக்கே சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை இருப்பதாகச் சொன்னால் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய மூச்சோடும், டீ குடித்த கையோடும் கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து, கையை மேஜைமேல் வைத்து அளக்கவேண்டும். எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.